ஓக் பலகையும் வண்ணாரப்பேட்டை ஈரமும்

எங்கள் பழைய வீட்டின் கூரையில் 36 தேக்கு உத்திரங்கள் இருந்தன. பழைய வண்ணாரப்பேட்டையில் என் தாத்தா கட்டிய வீடு அது. உத்திரங்களை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பூசுகிற மெட்ராஸ் டெரஸ் கூரை. பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்த அப்பா, வெள்ளையடிக்கும் நாட்களில் ஏணியில் ஏறி ஒவ்வொரு உத்திரத்தையும் விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார். "ரங்கூன் மரம், வைரம் பாய்ந்தது. வீடு விழுந்தாலும் இது விழாது" என்பார். 2022 பிப்ரவரியில் அந்த வீட்டை இடித்தபோது அப்பா உயிருடன் இல்லை. உத்திரம், கதவு, ஜன்னல், மாடிப்படி எல்லாவற்றுக்கும் சேர்த்து இடிப்பு ஒப்பந்தக்காரர் 85,000 ரூபாய் கொடுத்தார். நல்ல விலை என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். அடுத்த ஆண்டே மரத்தரைக்காக மூன்றரை லட்சம் ரூபாய் செலவழித்தேன். 13 மாதங்களில் அந்தத் தரையைப் பெயர்த்து எடுத்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மரத்தரை ஆசையோடு கடை ஏறப்போகிற ஒருவருக்காவது இது முன்கூட்டியே கிடைக்க வேண்டும்.

மரத்தரை ஆசை அம்மாவை முன்னிட்டு வந்தது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வழவழப்பான டைல்ஸில் காலை வைத்தாலே குளிர் ஏறுகிறது, வழுக்குமோ என்று பயமாகவும் இருக்கிறது என்பாள். பெங்களூரில் தம்பி வீட்டில் மரத்தரை போட்டிருக்கிறான். அங்கே ஒரு வாரம் தங்கியபோது அம்மா செருப்பில்லாமல் நடந்தாள். "வெறுங்காலோடு திண்ணையில் நடப்பதுபோல இருக்கிறது கண்ணு" என்று அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் புது வீட்டில் கூடத்துக்கும் அம்மா அறைக்கும் மரத்தரை என்று தீர்மானித்தேன். என் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். வீடு கட்டிய 14 மாதங்களில் அவர் ஊரில் இருந்தது இரண்டு மாதம்தான். திருவொற்றியூரில் பள்ளிக்கூட வேலையை முடித்துவிட்டு மாலையில் மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், கடை என்று தனியாகத்தான் அலைந்தேன். மூன்றாயிரம் அடி உயரத்தில் இருக்கிற பெங்களூருக்கும், கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டரில், கேப்டன் காட்டன் கால்வாய்க்கு நான்கு தெரு தள்ளி இருக்கிற எங்கள் மனைக்கும் ஒரே தரை பொருந்துமா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கடைக்காரருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கடையில் நான் பார்த்தது அமெரிக்கச் சிவப்பு ஓக். 5 அங்குல அகலம், 18 மில்லிமீட்டர் கனம், முழு மரம். விற்பனையாளர் ஒரு கடினத்தன்மை அட்டவணையைக் காட்டினார். ஜான்கா அளவு என்று பெயர். சிவப்பு ஓக்குக்கு 1290, தேக்குக்கு ஏறக்குறைய ஆயிரம். "தேக்கைவிடக் கெட்டி, மேடம். 25 வருட உத்தரவாதம்" என்றார். எண்ணைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். அந்த எண் எதைச் சொல்கிறது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு சிறிய இரும்புக் குண்டை அதன் பாதி வரை மரத்துக்குள் அழுத்த எத்தனை பவுண்டு விசை தேவை என்பதுதான் அது. நாற்காலிக் கால் பட்டால் பள்ளம் விழுமா, பாத்திரம் விழுந்தால் தடம் படுமா என்பதற்கு அது பதில் சொல்லும். மழைக்காலத்தில் அந்த மரம் எவ்வளவு உப்பும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. அதற்கு வேறு எண் இருக்கிறது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது எவ்வளவு சுருங்குகிறது என்ற அளவு அது. மரத்தின் ஆண்டு வளையத்தின் போக்கில் சிவப்பு ஓக் 8.6 சதவீதம் சுருங்கும், தேக்கு 6 சதவீதத்துக்கும் குறைவு. எங்களைப் போன்ற ஊரில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய எண் இதுதான். அந்த அட்டவணையில் இது இல்லை.

விலைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு அறையும் சேர்ந்து 420 சதுர அடி. வெட்டிக் கழியும் என்று 10 சதவீதம் கூட்டி 462 சதுர அடி வாங்கினேன். சதுர அடி 620 ரூபாய் வீதம் 2,86,440. பதிக்கும் கூலி சதுர அடிக்கு 80 வீதம் 33,600. அடியில் போடும் பிளைவுட், பிளாஸ்டிக் விரிப்பு, பசை, சுவரோர ஸ்கர்ட்டிங் பட்டை எல்லாம் 28,000. ஆக 3,48,040 ரூபாய். கணவர் அனுப்பியதில் நகைக்கடன் அடைப்பதற்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அதில் ஒரு லட்சம் இருந்தது.

2023 மே முதல் வாரம், கத்திரி வெயிலில் ஆட்கள் வந்தார்கள். தரைத்தளக் காங்கிரீட்டின் மேல் மட்டம் பூசி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. தொட்டுப் பார்த்தார்கள், காய்ந்துவிட்டது என்றார்கள். மெல்லிய பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் பிளைவுட்டை வைத்து, காங்கிரீட்டில் துளை போட்டுத் திருகாணி முடுக்கினார்கள். ஈரத்தைத் தடுக்கப் போட்ட விரிப்பில் இருநூறுக்கு மேல் ஓட்டை. அன்று காலை வந்த அட்டைப் பெட்டிகளை அன்றே பிரித்து, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த அறையில், ஒன்றுக்குள் ஒன்று செருகும் பலகைகளை இடைவெளி இல்லாமல் தட்டி இறுக்கினார்கள். மூன்று நாளில் முடிந்தது. அம்மா விளக்கேற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். அந்த நடையைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்தது. அதை இப்போதும் மறுக்க மாட்டேன்.

அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. நவம்பர் நடுவில் ஒரு விடியற்காலை அம்மா என்னை எழுப்பி, "தரையில் வரி வரியாக ஏதோ காலில் தட்டுகிறது" என்றாள். விளக்கைப் போட்டால் ஒன்றும் தெரியவில்லை. தரையோடு தரையாக டார்ச்சை வைத்துச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பலகையின் இரண்டு ஓரமும் எழும்பி, நடு குழிந்திருந்தது. நீளமான ஓடுகளை அடுக்கி வைத்ததுபோல. கடைக்குப் போன் செய்தேன். "மழை முடிந்தால் உட்கார்ந்துவிடும்" என்றார்கள். டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. எங்கள் தெருவில் தண்ணீர் நான்கு நாள் நின்றது. வாசல் படியில் இரண்டாவது படியோடு நின்றுவிட்டது, வீட்டுக்குள் வரவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். வடசென்னையில் எத்தனையோ வீடுகள் இடுப்பளவுத் தண்ணீரில் கிடந்த அந்த நாட்களில், பலகையைப் பற்றிப் பேசக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் தண்ணீர் வடிந்த பத்து நாளில், தெருப்பக்கச் சுவரோரம் நான்கு பலகைகள் கூடாரம்போல எழும்பி நின்றன. காலை வைத்தால் 'டப்' என்று வெற்றுச் சத்தம். மரம் மேலிருந்து நனையவில்லை. மண்ணிலிருந்து காங்கிரீட் வழியாக, திருகாணி ஓட்டை வழியாக, அடியிலிருந்து குடித்திருக்கிறது.

இங்கே நான் செய்த இன்னொரு தவறு, முதல் தவறைவிடக் கேடாக முடிந்தது. 2024 ஜனவரியில் கடையிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, மெஷின் போட்டுத் தேய்த்துச் சமப்படுத்தி மறுபடி பாலிஷ் அடித்தால் சரியாகிவிடும் என்றார். சதுர அடிக்கு 40 ரூபாய், மொத்தம் 16,800. அதுவும் என் செலவு. எழும்பிய ஓரங்களைத் தேய்த்துத் தள்ளினார்கள், தரை மட்டமானது. பொங்கலுக்கு வந்த உறவுக்காரர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏப்ரலில் வெயில் ஏறி, ஏ.சி. ஓடத் தொடங்கியதும், உப்பியிருந்த மரம் காய்ந்து பழைய நிலைக்குத் திரும்பியது. ஓரத்தில்தான் மரத்தைத் தேய்த்தாயிற்றே, இப்போது ஓரம் தாழ்ந்து நடு மேடானது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற இடைவெளி. நவம்பரில் ஓடுபோல் இருந்த தரை மே மாதத்தில் முதுகுபோல் ஆகியிருந்தது. உங்கள் வீட்டு மரத்தரை குழிந்தால் தயவுசெய்து அவசரப்பட்டுத் தேய்க்க விடாதீர்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தி, பலகையின் மேற்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே அளவுக்குக் காய்ந்த பிறகுதான் மெஷின் அதன் மேல் ஏற வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஆகும். சில தரைகள் அந்தக் காத்திருப்பிலேயே தாமாகப் பெருமளவு அடங்கிவிடும்.

எனக்கு உண்மையைச் சொன்னவர் எங்கள் வீட்டுக் கதவுகளைச் செய்த, சூளை பகுதியைச் சேர்ந்த ஆசாரி. பிப்ரவரியில் பூஜை அலமாரி வேலைக்கு வந்தவர், கூடத்தில் நின்று காலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த மரத்துக்கு ஈரம் பார்த்தார்களா?" என்று கேட்டார். பத்து மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். மரத்தின் ஈரத்தை அளக்க இரண்டு ஊசிகள் உள்ள சிறிய கருவி இருக்கிறது. 2,000 ரூபாய்க்குள் கிடைத்தது. அதை வாங்கி இருவரும் அளந்தோம். எழும்பிய பலகையின் மேற்பக்கம் 12 சதவீதம், அடிப்பக்கம் 17. பரணில் இரண்டு பெட்டி மிச்சப் பலகை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. அதில் ஒன்றை எடுத்துக் குத்தினோம். 9. எனக்கு விளக்கம் வேறு தேவைப்படவில்லை. குளிர்நாட்டு வீடுகளுக்காக வெப்பச் சூளையில் காயவைத்த மரம் அது. காற்றின் ஈரப்பதம் 45 சதவீதம் உள்ள அறையில் மரம் தனக்குள் 8 சதவீதம்போல ஈரம் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும். காற்று 80 சதவீதத்துக்குப் போனால், நம் மழைக்காலத்தில் அது வெகு சாதாரணம், மரம் 16 சதவீதம் வரை குடிக்கும். குடித்தால் விரியும்.

எவ்வளவு விரியும் என்று அன்று இரவு கணக்குப் போட்டேன். சிவப்பு ஓக் பலகையில் ஈரம் 8 சதவீதத்திலிருந்து 14-க்குப் போனால், 5 அங்குலப் பலகை ஒன்று அகலத்தில் 2.8 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். அம்மா அறையின் அகலம் 10 அடி, அதாவது 24 பலகை. பெருக்கினால் 67 மில்லிமீட்டர். அறுத்த வாக்கு பலகைக்குப் பலகை மாறும், பசையும் ஆணியும் கொஞ்சம் பிடித்து நிறுத்தும் என்பதால் முழுக் கணக்கும் நடக்காது. ஆனாலும் சுவரோரம் எங்களுக்கு விட்டிருந்த இடைவெளி இரண்டு பக்கமும் சேர்த்து 20 மில்லிமீட்டர்தான். பக்கவாட்டில் போக இடமில்லாத மரம் மேலே எழும்பாமல் என்ன செய்யும்? ஏழாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய இந்தக் கணக்கை, லட்சக்கணக்கில் பணம் வாங்கிய யாரும் போடவில்லை. கணக்குப் பாடம் நடத்துகிற நானும் போடவில்லை. அந்த இரவு எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல்தான்.

ஆகவே பலகை வாங்கும் முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கருவியோடு கடைக்குப் போங்கள், அவர்கள் கண் முன்னாலேயே பெட்டியிலிருந்து பலகையை எடுத்து அளக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஓரிரு ஆண்டுகளாக இருக்கும் கதவு, கட்டில், அலமாரி மரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் காற்றில் மரம் எங்கே போய் நிற்கும் என்பதை அவை காட்டும். சென்னையில் பெரும்பாலும் 12-லிருந்து 14-க்குள் இருக்கும். புதுப் பலகை 8 என்று காட்டினால், பெட்டியைப் பிரித்து, பதிக்கப்போகும் அறையிலேயே குறுக்குச் சட்டங்கள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, அன்றாடம் எப்படி அந்த அறை இருக்குமோ அப்படியே விட்டுவிடுங்கள். மூன்று நாள், ஒரு வாரம் என்று யாராவது நாள் சொன்னால் கேட்காதீர்கள். கருவியில் எண் ஏறி நின்ற பிறகுதான் பதிக்க வேண்டும். ஏ.சி.யை இரவு மட்டும் போடுகிற வீடு என்றால் அதையும் பதிப்பவரிடம் சொல்லுங்கள். பகலில் கடற்காற்று, இரவில் உலர்ந்த குளிர் என்று மாறி மாறி வருவது மரத்துக்குப் பெரிய தொல்லை.

தரையையும் சோதிக்க வேண்டும். இதற்குக் காசே வேண்டாம். கனமான பிளாஸ்டிக் தாளை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, காங்கிரீட்டின் மேல் ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, காங்கிரீட் கறுத்திருந்தாலோ அந்தத் தரை மரத்துக்கு இன்னும் தயாராகவில்லை. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று காங்கிரீட் காய்வதற்குப் பழைய கணக்கு உண்டு. எங்கள் பகுதியில், நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில் இருக்கிற தெருக்களில், எத்தனை மாதம் காத்திருந்தாலும் தரைத்தளம் காயாது. பலகையைப் பெயர்த்த பிறகு எங்கள் கூடத்தில் இந்தச் சோதனையைச் செய்தேன். கோடைக்காலத்திலேயே தாளின் அடி வியர்த்திருந்தது. கட்டுமானத்தின்போதே அடித்தளக் காங்கிரீட்டுக்குக் கீழே கனமான பிளாஸ்டிக் தடுப்பு விரித்திருக்க வேண்டும். அதைப் பிறகு போட வழியில்லை. என்னைக் கேட்டால், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பக்கம் தரைத்தளத்தில் முழு மரத்தரை போடவே வேண்டாம் என்பேன். மாடி என்றால் பேசலாம்.

2024 ஜூனில் பெயர்த்தோம். அதற்குக் கூலி 12,000. பிளைவுட்டின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. கொஞ்ச நாளாக அம்மா தும்மிக்கொண்டே இருந்ததன் காரணம் அன்றுதான் எனக்கு உறைத்தது. ஒரு மூலையில் கறையான் மண் கோடு போட்டிருந்தது. ஆசாரி பிளைவுட்டின் மேல் அச்சடித்த எண்ணைக் காட்டினார். ஐ.எஸ். 303, அதாவது இந்தியத் தர எண்படி சாதாரண ரகம். ஈரம் வரக்கூடிய இடத்தில் ஐ.எஸ். 710 என்று அச்சிட்ட, தண்ணீருக்குத் தாங்கும் பிளைவுட் போட்டிருக்க வேண்டும். எங்கள் ரசீதில் 'பிளைவுட்' என்று மட்டும்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் அடியில் போகிற பொருளுக்குத்தான் ரசீதில் ரகமும் எண்ணும் எழுதி வாங்க வேண்டும். மேலே தெரிவதை எப்படியும் நாம் பார்க்கப்போகிறோம்.

உத்தரவாதத்துக்கு வருகிறேன். 25 வருடம் என்று சொன்ன அந்தத் தாளை நான் கையெழுத்துப் போட்ட நாளில் படிக்கவில்லை. பிரச்சினை வந்த பிறகு படித்தேன். வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதத்தை ஆண்டு முழுவதும் 35-லிருந்து 55 சதவீதத்துக்குள் வைத்திருந்தால்தான் அது செல்லும். ஈரத்தால் வரும் வளைவு, விரிசல், எழும்பல் எதற்கும் பொருந்தாது. சென்னையில் இருபத்துநான்கு மணி நேரமும் ஏ.சி. ஓடாத எந்த வீட்டில் அந்த நிபந்தனை நிறைவேறும்? அந்த உத்தரவாதம் எனக்குக் கொடுக்கப்பட்ட நிமிடத்திலேயே செல்லாததாக இருந்திருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்றும் சொன்னார். ஆனால் "மழை முடிந்தால் சரியாகிவிடும்", "தேய்த்தால் போய்விடும்" எல்லாமே போனில் சொன்னவை. எழுத்தில் என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை. நான் போகவில்லை. நீங்கள் அப்படி விடாதீர்கள். முதல் நாள் கேள்வியிலிருந்தே எழுதிக் கேளுங்கள், எழுதிப் பதில் வாங்குங்கள். பதித்த அன்று, முதல் வரி தெரிந்த அன்று, தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

வீட்டைச் சுத்தம் செய்யும் வழக்கத்தைப் பற்றிக் கடையில் ஒரு கேள்வி கூட வரவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. நாம் வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். பொங்கலுக்கு முன்னால் வீட்டையே குளிப்பாட்டுகிறவர்கள். மரத்தரையை நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். அம்மாவுக்கு அது சுத்தமாகவே படவில்லை. "துடைத்த வீட்டில் எப்படி விளக்கேற்றுவது?" என்று கேட்டாள். நாற்பது வருடப் பழக்கத்தை அவள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தது என் பிழை. தரை வீட்டாரின் பழக்கத்துக்குப் பொருந்த வேண்டும்.

வேறு என்ன போட்டிருக்கலாம் என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது: கடைகளில் 'வுடன் ஃப்ளோரிங்' என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு பொருள்களை விற்கிறார்கள். எதைக் காட்டினாலும் பலகையின் வெட்டுவாயைத் திருப்பிப் பாருங்கள். முழுக்க ஒரே மரமாக இருந்தால் அது முழு மரம். பிளைவுட் போன்ற அடுக்குகளின் மேல் மெல்லிய மரத்தகடு இருந்தால் எஞ்சினியர்டு. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அது முழு மரத்தைவிடக் குறைவாகத்தான் அசையும், மாடிக்கு நல்ல தேர்வு. ஆனால் மேல் தகடு 3, 4 மில்லிமீட்டர் இருந்தால்தான் பின்னாளில் ஒன்றிரண்டு முறை தேய்த்துப் புதுப்பிக்கலாம். அரை மில்லிமீட்டர் தகடு என்றால் முதல் தேய்ப்பிலேயே போய்விடும். லேமினேட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த அட்டையின் மேல் மரத்தின் படம் ஒட்டியது. இணைப்பில் தண்ணீர் இறங்கினால் உப்பும், திரும்ப வற்றாது. எஸ்.பி.சி. என்பதில் மரமே இல்லை, கல் தூளும் பிளாஸ்டிக்கும். தண்ணீருக்குப் பயமில்லை. மரம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு அது மரம் ஆகாது. இதில் எதையும் நான் மட்டமாகச் சொல்லவில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

'தேக்கு' என்ற சொல்லிலும் கவனம் தேவை. ஆப்பிரிக்கத் தேக்கு, பிரேசில் தேக்கு என்று விற்பவை வேறு மரங்கள். இரோகோ, குமாரு என்று அவற்றுக்குத் தனிப் பெயர் உண்டு. தேக்கின் தாவரப் பெயர் டெக்டோனா கிராண்டிஸ். அதை ரசீதில் எழுதச் சொன்னால் பேச்சு மாறுவதை இரண்டு கடைகளில் நேரில் பார்த்தேன். பர்மா தேக்கு என்றால் இன்னும் கேள்வி கேளுங்கள். மியான்மர் 2014 ஏப்ரல் முதல் அறுக்காத உருண்டை மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. உண்மைத் தேக்கிலும் ஓரத்து வெள்ளை மரம் கறையானுக்குத் தாங்காது, நடுவில் இருக்கும் வைரத்துக்குத்தான் அந்தக் குணம். பலகையில் வெளிறிய பட்டை ஓடினால் ஒதுக்கிவிடுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அந்த 36 உத்திரங்கள் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. பழைய கட்டடச் சாமான் விற்கும் ஒரு கடைக்கு ஆசாரி என்னை மாதவரம் பக்கம் அழைத்துப் போனார். எங்கள் வீட்டில் இருந்தவை போன்ற உத்திரங்கள் அங்கே அடுக்கியிருந்தன. கன அடி 3,500 ரூபாய் சொன்னார்கள். எங்களுடையது ஒவ்வொன்றும் 11 அடி நீளம், 6 அங்குலத்துக்கு 4 அங்குலம். ஒன்றுக்கு ஒன்றே முக்கால் கன அடிக்கு மேல் வரும். மொத்தம் 66 கன அடி. இரண்டேகால் லட்சம் ரூபாய்க்கு மேல். கதவும் ஜன்னலும் மாடிப்படியும் அதில் சேரவில்லை. ஆசாரி இன்னொன்றும் சொன்னார்: "இதை மில்லில் கொடுத்து முக்கால் அங்குலப் பலகையாக அறுத்திருந்தால், கழிவு போகவே உங்கள் இரண்டு அறைக்கும் மேலே வந்திருக்கும் டீச்சர். எண்பது வருடம் இந்த ஊர்க் காற்றையே குடித்துப் பழகிய மரம்." கடையை விட்டு வெளியே வந்ததும் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அப்பா தட்டிப் பார்த்த மரங்கள் எந்த வீட்டுக் கதவாகப் போயிருக்கின்றனவோ.

பழைய வீட்டை இடிக்கப் போகிறவர்கள், ஒப்பந்தம் பேசும் முன் ஒரு ஆசாரியை அழைத்து மரங்களை எண்ணி அளந்து எழுதி வாங்குங்கள். ஒருநாள் கூலி போகும், போகட்டும். தரைக்கு அறுக்க நினைத்தால், ஆணியை எல்லாம் பிடுங்கி, காந்தம் வைத்துத் தடவிப் பார்த்த பிறகே மில்லுக்குக் கொண்டு போங்கள். ஓர் ஆணி அறுவை வாளைக் கெடுத்தால் அதன் காசு உங்கள் கணக்கில்தான் ஏறும். சுவருக்குள் புதைந்திருந்த முனைகளில் உளுத்த பகுதி இருக்கும், அரை அடி வெட்டிக் கழித்துவிடுங்கள்.

எங்கள் கூடத்திலும் அம்மா அறையிலும் இப்போது சொரசொரப்பான டைல்ஸ். பதிக்க 46,200 ஆனது. எல்லாம் கூட்டினால் தரைக்காக நான் இழந்தது 4,23,040 ரூபாய். மிச்சமான ஓக் பலகைகள் மாடியில் புத்தக அலமாரியாகிவிட்டன. மாதவரம் கடையில் அன்று இரண்டே இரண்டு உத்திரம் வாங்கினேன். ஆசாரி அதை அறுத்து இழைத்து, சட்டம் கொடுத்து, ஆறடிக்கு மூன்றடியில் ஒரு தேக்குப் பலகை செய்து கொடுத்தார். கூலியோடு 19,000. அம்மாவின் கட்டிலை ஒட்டிப் போட்டிருக்கிறோம். காலையில் எழுந்து கால் வைக்கும்போது மரம்தான் படுகிறது. வெள்ளிக்கிழமை காலையில் நானும் வேலைக்கு வருகிற அக்காவும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து அதைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைக்கிறோம், அம்மா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எந்த மூலைக்கு இன்னும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்கிறாள்.